பாலத்துப் பெண்ணின் உடுப்பு

மெல்பேர்னில் கேதீஸ்வரன் குடியிருந்த புட்ஸ்கிரே அடுக்குமாடியின் வாசலில் ஆறு தபால்பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஐந்தில் வெறும் பெயர்கள். ஆறாவதில் 'வ. கேதீஸ்வரன், பி.எஸ்ஸி.' என்று அச்சில் வார்த்தது போன்ற எழுத்தில் அவனே எழுதி ஒட்டியிருந்தான்.

"தபால்காரன் உங்களிட்டைப் பாடம் கேக்கவே வாறான்?" என்று மனைவி யோகா கேட்டாள்.

"கேட்டால் சொல்லிக் குடுப்பன்" என்றான். அதை அவன் பகிடியாகச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்த வல்லிபுரத்தின் ஒரே மகன் அவன். வல்லிபுரத்தார் காணி உறுதிப்பத்திரத்திலும் பெருவிரலைத்தான் வைத்தவர். வாசிக்கத் தெரியாதென்றாலும் எழுத்தைக் கண்டால் அவருக்கு ஒரு பயபக்தி. சாமான் சுற்றிவந்த பத்திரிகைத் துண்டு காலில் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தப் பழக்கம் மகனிடமும் ஒட்டிக்கொண்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தும் போகவில்லை. பட்டம் வாங்கி இரண்டு வருடம் வாத்தியார் வேலைக்குக் காத்திருந்து வெறுத்து, கொழும்பில் படங்களுக்கு பிளொக் எனும் அச்சுக்கட்டை செய்யும் ஓர் அச்சகத்தில் சேர்ந்தான். கடைசியில் 1974இல் அவனுக்கு அவுஸ்திரேலியா விசா கொடுத்தது அந்தக் கைத்தொழில்தான். விசா அதிகாரி பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவனுக்கு இன்றுவரை ஆறாத குறை.

மெல்பேர்னில், ரிச்மண்ட் பக்கம் இருந்த ஓர் அச்சகத்தில் வேலை. அடியில் வெளிச்சம் எரியும் கண்ணாடி மேசையில் பிலிம்களைப் பரப்பி, வெட்டி, ஒட்டி, பக்கமாக அமைக்க வேண்டும். அதைக்கொண்டுதான் அச்சுத்தகடு செய்வார்கள். அவன் கை சுத்தம். ஒரு மயிரிழை பிசகாது. ஆனால் அச்சகத்துத் தரை அவனுக்குப் பெரும் சங்கடமாக இருந்தது. எங்கே பார்த்தாலும் அச்சடித்த கடதாசித் துண்டுகள். எதன்மேல் கால் பட்டாலும் குனிந்து தொட்டுக் கண்ணில் வைப்பான். முதல் கிழமை எல்லோரும் சிரித்தார்கள். பெரிய இயந்திரத்தை ஓட்டிய ஸ்ராவ்ரோஸ் என்ற கிரேக்கன் மட்டும் வந்து காரணம் கேட்டான். கேதீஸ்வரன் சொன்னான்.

"எங்கள் பாதிரியாரும் வேதப் புத்தகத்தை முத்தமிடுவார்" என்றான் ஸ்ராவ்ரோஸ். "ஆனால் அவர் ஒரு நாளைக்கு இருநூறு தடவை குனிகிறதில்லை. உன் முதுகு முறிந்துவிடும்." அடுத்த நாளிலிருந்து காலையில் தும்புத்தடியால் கேதீஸ்வரனின் மேசைவரை ஒற்றையடிப் பாதை கூட்டிவைத்தான்.

அந்தப் பகுதிக்குச் சுப்பவைசர் இன்னொரு தமிழர், மகேந்திரராஜா. கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். எழுபத்தொன்றிலேயே வந்துவிட்டார். வெள்ளைக்காரர்களுக்கு அவர் 'ராஜ்'. வேலைத்தளத்தில் இங்கிலீசுதான் பேசுவார். தமிழை ஏசுவதற்கென்று எடுத்து வைத்திருந்தார்.

"எங்கட பட்டதாரி வாறார், வழி விடுங்கோ" என்பார், கேட்பதற்கு வேறு தமிழர் யாரும் இல்லாத இடத்திலும். "தம்பி, பேராதனையில உமக்குக் கத்தரிக்கோல் பிடிக்கவும் சேர்த்தே படிப்பிச்சவங்கள்?"

கேதீஸ்வரன் "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பான். இதெல்லாம் பொறுக்கக் கூடியது. பொறுக்க முடியாதது 1975 மார்ச்சில் நடந்தது.

அப்போது அவர்கள் வீடு மாறிக்கொண்டிருந்த நேரம். பழைய விலாசமும் சரியில்லை, புதியது ஊருக்குத் தெரியாது. அவசரமென்றால் அச்சகத்து விலாசத்துக்கு அறிவியுங்கள் என்று எழுதியிருந்தான். அந்தக் கிழமை ஒரு பெருங்கடையின் ஈஸ்டர் விளம்பரப் புத்தகம். முப்பத்திரண்டு பக்கம், வியாழன் மாலை இயந்திரத்தில் ஏற வேண்டும். கேதீஸ்வரன் திங்களிலிருந்து நிமிராமல் வேலை செய்தான். வெள்ளி காலை தேநீர் நேரத்தில் மகேந்திரராஜா வந்து ஒரு தந்தி உறையை மேசையில் வைத்தார்.

'அப்பா காலமானார். வியாழன் வரை வைத்திருக்கிறோம். வருவதானால் உடன் அறிவிக்கவும்.'

வியாழன் நேற்று. உறையைத் திருப்பிப் பார்த்தான். முத்திரையில் திங்கட்கிழமை, பதினொன்று நாற்பது. முன்கந்தோரில் தபால் வாங்கும் பெண்ணிடம் ஓடினான். "திங்கட்கிழமையே ராஜின் கையில் கொடுத்தேனே" என்றாள் அவள், வெள்ளந்தியாக.

திங்கள் மத்தியானம் புறப்பட்டிருந்தால் சிங்கப்பூர் வழியாகப் புதன் கொழும்பு, இரவு மெயில் ரயில் ஏறினால் வியாழன் விடிய யாழ்ப்பாணம். கணக்குச் சரியாக வந்தது. அவன் திரும்பிப் போய் மகேந்திரராஜாவுக்கு முன்னால் நின்றான். அவர் இடியப்பப் பெட்டியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இது திங்கட்கிழமை வந்தது."

"திங்களோ? அப்பிடியோ? உந்த ஈஸ்டர் அமளியில ஆர் கண்டது." ஒரு வாய் மென்று விழுங்கினார். "சரி, நீர் போயிருந்தால் மட்டும் என்ன, செத்தவர் எழும்பப்போறாரோ?"

அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது, அவனுடைய ஒரே கடமை அது. ஆயிரம் பிள்ளைகளைப் பெற்றவனுக்கு ஒருவன் போகாவிட்டால் இன்னொருவன் கொள்ளி வைப்பான். வல்லிபுரத்தாருக்கு இருந்தது ஒன்று. பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான் என்று தாய்மாமன் மகனான அத்தான் எழுதிய கடிதத்தில் இருந்தது. 'எவ்வளவோ பார்த்தோம், நீர் ஒரு சொல் அனுப்பவில்லை' என்றும் இருந்தது. உங்கள் தந்தி எனக்குப் பிந்திக் கிடைத்தது என்று கேதீஸ்வரன் நாலு பக்கத்துக்கு எழுதினான். அத்தானின் பதில் நாலு வரி. 'தந்தி பிந்தியது என்று எழுதியிருக்கிறீர். மாமி அதை நம்பவில்லை. இனிமேல் தனக்கு எழுத வேண்டாம் என்று சொல்லச் சொன்னா.' அதற்குப் பிறகு அவன் அனுப்பிய ஐந்து கடிதத்துக்கும் அம்மாவிடமிருந்து பதில் இல்லை. சொந்த மகனின் சொல்லை ஏன் நம்பவில்லை என்று அவனுக்குப் பிடிபடவேயில்லை. அவனிடம் வந்தது ஒரு தந்தி, அது பிந்தியது, இதிலே நம்ப முடியாதது என்ன?

ஆறு மாதம் அவன் மகேந்திரராஜா சாப்பிடுவதைப் பார்த்தபடி வேலை செய்தான்.

செப்டெம்பரில் மிசிஸ் கொலின்ஸ் வந்தாள். நாற்பத்தைந்து வயது யப்பான்காரி, சொந்தப் பெயர் ஹருகோ. போருக்குப் பிறகு குரே துறைமுகத்தில் நின்ற அவுஸ்திரேலியச் சிப்பாய் ஒருவனைக் கட்டிக்கொண்டு ஐம்பத்துமூன்றில் கப்பலேறியவள். அவளுடைய பாட்டனார் சேர்த்த மரக்கட்டை அச்சுப் படங்கள் இருபத்தேழு. எல்லாம் பேய்க்கதைப் படங்கள். கார்ல்டனில் ஒரு சிறிய கூடம் அவற்றைக் காட்சிக்கு வைக்கிறது, அதற்கொரு புத்தகம் வேண்டும். படங்களைத் தனியே விட்டுப்போக அவள் மறுத்துவிட்டாள். கமராவில் ஏற்றி இறக்கும் மூன்று நாளும் கேதீஸ்வரனின் மேசைக்கருகே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முதல் படத்தை எடுத்துவைத்தான். வில்லோ மரத்தின் கீழ் வெள்ளை உடுப்பில் ஒருத்தி. கரிய கூந்தல் முகத்தை மூடிக்கிடந்தது. இடுப்புக்குக் கீழே மை மெல்ல மெல்லக் கரைந்து வெறும் கடதாசியாகியிருந்தது.

"கீழ்ப்பகுதி அழிந்துவிட்டது என்று போன கிழமை ஒரு நிபுணர் சொன்னார்" என்றாள் மிசிஸ் கொலின்ஸ்.

"அழியவில்லை. பேய்க்குக் கால் இல்லையே."

அவள் அவனை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள். "உங்கள் ஊர்ப் பேய்க்கும் இல்லையா?"

"இல்லை. சந்தேகமென்றால் காலைத்தான் முதலில் பார்ப்போம்."

"நல்லது. இருபத்திரண்டு வருடத்தில் இந்த நாட்டில் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒருவரைச் சந்தித்துவிட்டேன்."

அதற்குப் பிறகு அவள் கதை கதையாகச் சொன்னாள். கடலில் மூழ்கிய படைவீரர்கள் அலைக்குள்ளிருந்து எழுந்து, தங்களைத் தோற்கடித்தவன் படகை மறிக்கும் படம். செய்யாத குற்றத்துக்காகக் கிணற்றில் தள்ளப்பட்ட வேலைக்காரி, உடைந்ததாகச் சொல்லப்பட்ட தட்டை எண்ணித் தேடும் படம். ஒன்பதுவரை எண்ணுவாள், பத்து வராது, பிறகு அவள் போடும் ஓலத்தில் எசமானுக்குப் பைத்தியம் பிடிக்கும். பிள்ளைப்பேற்றில் செத்தவள், போகிற வருகிறவனை மறித்துத் தன் குழந்தையைக் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லும் படம். பிடித்தவன் கையில் குழந்தை கல்லாய்க் கனக்கும்.

"எல்லாரும் பழிவாங்கத்தான் வருகிறார்களா?" என்று கேதீஸ்வரன் கேட்டான்.

"முக்கால்வாசிப் பேர்."

"செத்ததற்காகவா?"

"செத்ததற்காக யாரும் வருவதில்லை. எல்லோரும்தான் சாகிறார்கள்." அவள் பிலாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றினாள். "கெடுத்தவன் ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்து சோறு தின்கிறானே, அதைப் பார்க்கச் சகிக்காமல் வருகிறார்கள்."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மகேந்திரராஜா பெட்டியைத் திறந்து புட்டை விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தார்.

மேலட்டைக்கு அவள் தெரிந்தெடுத்தது ஒரு சோடிப் படத்தில் முதலாவது. பனி பெய்யும் பாலத்தில் ஒரு பெண் குடை பிடித்து நடந்து வருகிறாள். அக்கரையில் புருசன் காத்து நிற்கிறான், வரவேற்கவல்ல, கொல்ல. அது அவளுக்குத் தெரியாது. இரண்டாவது படத்தில் அதே பாலம், அதே குடை, அதே பெண், ஆனால் செத்துப்போய்த் திரும்பி வருகிறாள்.

"இரண்டிலும் காலைப் பார்க்க முடியவில்லையே" என்றான் கேதீஸ்வரன்.

"பனி மூடியிருக்கிறது. கால் தெரியாது. கழுத்தைப் பார்." அவள் படத்தைத் தொடாமல் விரலை நீட்டினாள். "உயிரோடு இருக்கிறவர்கள் உடுப்பின் இடது மடிப்பை மேலே போடுவோம். பிணத்துக்குத்தான் வலது மடிப்பு மேலே வரும். இந்த ஒரு மடிப்பைத் தவிர இரண்டு முகத்துக்கும் வித்தியாசமே இல்லை. இவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். அதுதான் இந்தப் படத்தின் பயங்கரம். அதனால்தான் அட்டைக்கு வேண்டும்."

கேதீஸ்வரனுக்கு அதில் ஒன்றும் புதிதில்லை. செத்தவீட்டுக் கிரியையில் குருக்கள், கொள்ளி வைப்பவனுக்குப் போட்ட பூணூலை வலத்தோளுக்கு மாற்றிவிடுவார். உயிருள்ளவர்களுக்கு ஒரு பக்கம், போனவர்களுக்கு மறுபக்கம். பெரியப்பாவின் மகனுக்கு அப்படி மாற்றிப் போட்டிருப்பார்கள். அவன் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிலிமை மறுபுறம் கவிழ்த்தால் இடம் வலமாகும், வலம் இடமாகும். உயிரோடிருக்கிறவள் பிணமாவாள். இந்த அச்சகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மெல்பேர்னில் ஒருத்திக்குத் தெரியும். பிலிமைப் பார்த்துச் சரியென்று கையெழுத்து வைக்கும் பொறுப்பு மகேந்திரராஜாவுடையது.

வெள்ளிக்கிழமை சோதனைச் சீட்டோடும் பிலிம்களோடும் அவர் அறைக்குப் போனான். அவர் நெற்றியில் திருநீறு.

"என்ன, அந்த யப்பான் பேயளோ? ஐயோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா உதுகளை என்ர மேசையில விரிக்காதையும். மனுசி விரதம். சீட்டைத் தாரும்." பார்க்காமலே கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார். "பேயளை நீரே பாரும். உமக்குத்தானே அவளோட நல்ல சிநேகிதம்."

சனிக்கிழமை காலை மேலதிக வேலைக்கு நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். நான்கு நிறத்துக்கும் நான்கு பிலிம். கேதீஸ்வரன் நான்கையும் கவிழ்த்தான். குடை மறுகைக்குப் போனது. கழுத்து மடிப்பு மாறியது. பெண் செத்துப்போனாள்.

அதோடு விட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் படத்தின் மேல்மூலையில் ஒரு சிவப்புக் கட்டம், அதற்குள் படத்தின் பெயர். ஓரத்தில் வரைந்தவனின் கையெழுத்து. அவையும் கவிழ்ந்து, கண்ணாடியில் பார்த்ததுபோல் முதுகு காட்டிக்கொண்டு நின்றன. கேதீஸ்வரனுக்கு யப்பான் மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. என்றாலும் எழுத்து எழுத்துத்தான். எண்ணூறு அட்டையில் எழுத்தைக் கவிழ்த்து அச்சடிப்பதென்றால், எண்ணூறு தடவை காலால் மிதித்ததற்குச் சமம். ஒரு பெண்ணைப் பிணமாக்கக் கூசாத கை அங்கே கூசியது. தேநீருக்கும் எழும்பாமல், நான்கு பிலிமிலும் அந்தக் கட்டத்தையும் கையெழுத்தையும் மயிரிழை பிசகாமல் வெட்டியெடுத்து, நேராகத் திருப்பி, மீண்டும் அதே இடத்தில் பொருத்தினான். முடித்துவிட்டு உருப்பெருக்கியால் பார்த்தான். ஒட்டுத் தெரியவில்லை. அந்த வேலையின் சுத்தத்தில் அவனுக்கே ஒரு பெருமை வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மிசிஸ் கொலின்ஸ் ஒரு புத்தகத்தோடும் மூலப் படத்தோடும் முதலாளியின் அறைக்குள் போனாள். சற்று நேரத்தில் மகேந்திரராஜாவையும் கேதீஸ்வரனையும் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே கிடந்தது.

முதலாளிக்கு விசயம் புரியவில்லை. "அதே படம்தானே? மறுபக்கம் பார்க்கிறாள், அவ்வளவுதானே?"

அவள் கழுத்து மடிப்பைக் காட்டிச் சொன்னாள். முதலாளியின் முகம் மாறியது. மகேந்திரராஜா சமாளித்துக்கொண்டு முன்னே வந்தார். "சேர், பிலிம் கவிழ்வது எங்கேயும் நடக்கிற விபத்து. ஆருடைய கண்ணிலும் படாமல்..."

"விபத்தா?" மிசிஸ் கொலின்ஸ் சிவப்புக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "அப்படியென்றால் எழுத்து ஏன் கவிழவில்லை?"

மகேந்திரராஜா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து கேதீஸ்வரனைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு சந்தோசம் ஏறிவந்தது.

"தம்பி," என்றார் தமிழில், "எழுத்தைத் தொட்டுக் கும்பிடுற பேயன் இந்த அச்சகத்தில ஒருத்தன்தான் இருக்கிறான்."

கேதீஸ்வரன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சீட்டில் இருந்தது மகேந்திரராஜாவின் கையெழுத்து. ஆனால் அந்தக் கணத்தில் அவனுக்கு ஒன்று தெளிவானது. யார் அடித்தது என்று தெரியாமல் அடி வாங்கியவன், அடுத்த நாள் வழக்கம்போலச் சாப்பிட உட்கார்ந்துவிடுவான். வில்லோ மரத்தடியில் வருகிறவள்கூட முகத்தைக் காட்டத்தான் வருகிறாள்.

"ஓம். நான்தான்" என்றான். பிறகு, வெளியே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, இங்கிலீசில் சொன்னான். மார்ச் மாதம் அப்பா செத்ததை, தந்தி வந்த திங்கட்கிழமையை, அது ராஜின் கையில் கிடந்த நாலு நாளை, இடியப்பத்தை, 'செத்தவர் எழும்பப்போறாரோ' என்ற கேள்வியை. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாதியிலேயே பெரிய இயந்திரத்தின் சத்தம் நின்றது. ஸ்ராவ்ரோஸ் எண்ணெய்க் கையோடு வாசலில் வந்து நின்றான்.

"உண்மையா, ராஜ்?" என்று முதலாளி கேட்டார்.

"வேலை அவசரமாக இருந்தது, சேர். உங்களுடைய வேலை."

முதலாளி நெற்றியைத் தடவினார். கேதீஸ்வரனை அன்றே நிறுத்தினார். மகேந்திரராஜா இல்லாமல் அந்தப் பகுதி ஓடாது. அவரை ஒன்றும் செய்யவில்லை.

வெளியே போகும்போது மிசிஸ் கொலின்ஸ் கேதீஸ்வரனை மறித்தாள். பரிவாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தான். அவள் முகம் கல்லாக இருந்தது.

"உன்னைக் கெடுத்தவனுடைய உடுப்பை நீ மாற்றியிருக்க வேண்டும்" என்றாள். "இவளுடையதை ஏன் மாற்றினாய்?" பதிலுக்கு நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது யோகா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, பி.எஸ்ஸி. படிச்சுப்போட்டுப் பேயின்ர சட்டையை மாத்தி வேலையை விட்டிட்டு வந்து நிக்கிறியள். ஊரில ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." பிறகு, "அந்த மகேந்திரராஜாவின்ர முகம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள். அவன் சொன்னான். "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள்.

புட்ஸ்கிரேயிலேயே ஒரு தகரப்பேணித் தொழிற்சாலையில், பேணிக்கு லேபல் ஒட்டும் பகுதியில் அவனுக்கு வேலை கிடைத்தது. பழைய இடத்துச் செய்தியை ஸ்ராவ்ரோஸ்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவந்தான். அந்த அச்சகத்தில் பாதிப்பேர் கிரேக்கர், இத்தாலியர், மோல்ட்டாக்காரர். ஒவ்வொருவனுக்கும் கடலுக்கு அப்பால் வயசான தாய் தகப்பன். எல்லாரும் ஒரு தந்திக்குப் பயந்தவர்கள். தொழிற்சங்கத்தில் ஒரு பழைய முறை இருந்தது. எழுத்தில் இல்லை, அறிவிப்பும் இல்லை. ஒருவனோடு பேசுவதில்லை என்று முடிவானால் யாரும் பேசமாட்டார்கள்.

"காலையில் 'குட் மோர்னிங்' என்கிறான்" என்றான் ஸ்ராவ்ரோஸ். "நாங்கள் கேட்கவில்லை. வேலை சொல்கிறான், செய்கிறோம். முகத்தைப் பார்ப்பதில்லை. நடந்து வந்தால் விலகுகிறோம், காற்று வந்தால் விலகுகிற மாதிரி. சாப்பாட்டறைக்கு வந்தான், எல்லோரும் எழும்பிவிட்டோம். இப்போது காருக்குள் இருந்து சாப்பிடுகிறான்."

கேதீஸ்வரன் அதைத் தேன் குடிப்பதுபோல் கேட்டான். வெட்கப்படவில்லை. ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தான்.

நாலு மாதம் கழிந்து, பெப்ரவரி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிறு மத்தியானம், கதவைத் தட்டியது மகேந்திரராஜா. மெலிந்திருந்தார். கழுத்தில் ரை கட்டியிருந்தார். யோகா அவருக்குக் கதிரையைக் காட்டினாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்கவில்லை. குசினி வாசலில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"தம்பி, காணும்" என்றார் அவர். "நாலு மாசம். ஒருத்தன் என் முகத்தைப் பாக்கேல்லை. பிலிமை நீட்டினால் வாங்கிறாங்களில்லை, மேசையில வைக்கோணும். எனக்கு இப்ப என்ர குரலே வித்தியாசமாக் கேக்குது. நீர் அந்தக் கிரேக்கனுக்கு ஒரு சொல்லுச் சொன்னீரெண்டால் எல்லாம் நிண்டுபோம்."

கேதீஸ்வரன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நானும் ஒரு தமிழன். உமக்கு வேலையில பிழை சொல்லியிருக்கிறனோ? முதலாளியிட்டை உம்மைப் பற்றிக் குறைவாக் கதைச்சிருக்கிறனோ?"

வெளியே யாரோ புல் வெட்டும் சத்தம்.

"ஓம், பகிடி பண்ணினன்தான். பகிடி ஆர் பண்ணேல்லை?"

"அண்ணை," என்றாள் யோகா வாசலில் நின்றபடி, "வந்த விசயத்தைச் சொல்லுங்கோ. தண்ணி சூடாகுது."

மகேந்திரராஜா தண்ணீரைப் பார்த்தார். குடிக்கவில்லை. பிறகு சொன்னார். "நான்தான் வச்சிருந்தனான். தெரிஞ்சுதான் வச்சனான். நீர் போனால் ஈஸ்டர் புத்தகம் நிண்டுபோம், என்ர வேலை போம் எண்டு பயம். மேசை லாச்சிக்குள்ள வச்சுப் பூட்டினன்." நிறுத்தினார். "ரெண்டாவதையும்."

கேதீஸ்வரன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "என்ன ரெண்டாவது?"

"புதன்கிழமை இன்னொரு தந்தி வந்தது. வெள்ளி பின்னேரம்வரைக்கும் வச்சிருப்பம், வாறனெண்டு ஒரு சொல் போடும் எண்டு. அதைக் கிழிச்சுப்போட்டன். திங்கள் வந்ததைத் தராமல் அதைத் தந்தால் பிடிபட்டிடுவன் எண்டு."

யோகா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கேதீஸ்வரனுக்கு ஒரு வருடமாகப் பிடிபடாதது பிடிபட்டது. ஊரில் இரண்டு தந்தி அடித்துவிட்டு ஐந்து நாள் உடலை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவனோ ஒரு தந்தி பிந்தியது என்று நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறான். பொய் சொல்கிறவன் அப்படித்தான் எழுதுவான். அம்மா எப்படி நம்புவாள்?

அடித்திருப்பான். கை எழும்பவும் செய்தது. ஆனால் அது போய் அலுமாரியைத் திறந்து எழுதுகிற தாளையும் பேனையையும் எடுத்து, கதிரைக்கு முன்னால் முக்காலியில் வைத்தது.

"எழுதுங்கோ."

"என்னத்தை?"

"இப்ப சொன்னதை. அம்மாவுக்கு."

"இங்கிலீசில எழுதித் தாறன், நீர் மாத்தி..."

"என்ர கையால எழுதினால் அவ நம்பமாட்டா. தமிழில எழுதுங்கோ."

மகேந்திரராஜா கொழும்பில் இங்கிலீசில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுதிப் பல வருடம். பேனையைப் பிடித்த விரல்கள் வியர்த்தன. 'அம்மா அவர்களுக்கு' என்பதற்குள் இரண்டு தரம் வெட்டினார். 'தந்தி' என்று எழுதிவிட்டு இது சரியோ என்று நிமிர்ந்து பார்த்தார். கேதீஸ்வரன் சொல்லிக் கொடுக்கவில்லை. மார்பில் கை கட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்துகள் பாலர் வகுப்புப் பிள்ளையுடையவைபோல் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு இறங்கின. உங்கள் மகனில் பிழை இல்லை. இரண்டு தந்தியும் என் கைக்கு வந்தது. நான் கொடுக்கவில்லை. ஒன்றைக் கிழித்தேன். அரைப் பக்கம் எழுத முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. ரையைத் தளர்த்தினார். ஒரு கட்டத்தில் அழுதார். அழுததில் ஒரு சொல் கரைந்துவிட்டது.

"அதைத் திருப்பி எழுதுங்கோ" என்றான் கேதீஸ்வரன்.

எழுதினார். முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு எழுந்து நின்றார். எங்கள் ஆட்கள் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போட்டு வாறன்' என்று சொல்லித்தான் படியிறங்குவார்கள். செத்தவீட்டில் மட்டும் சொல்வதில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட வேண்டும். மகேந்திரராஜா வாசல்வரை வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். பதினொரு மாதம் பிந்தி வந்த துக்க விசாரிப்பு அது. கேதீஸ்வரன் வழியனுப்பப் போகவில்லை.

உறையில் அம்மாவின் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தபோது யோகா அருகே வந்து நின்றாள்.

"பாவமாத்தான் கிடக்குது. ஸ்ராவ்ரோசுக்குச் சொல்லப்போறியளோ, இனிக் காணுமெண்டு?"

அவன் முத்திரையை ஈரமாக்கி ஒட்டி, பெருவிரலால் அழுத்திப் பிடித்தான்.

"அம்மாவின்ர பதில் வரட்டும்" என்றான். "போக ரெண்டு கிழமை, வர ரெண்டு கிழமை. அதுவரைக்கும் அவர் காருக்குள்ள இருந்து சாப்பிடட்டும்."